மாவட்டம் மாறிப் படித்தால் பல்கலைக்கழக இடம் என்னவாகும்?

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேர இருக்கிறாள். இங்கே தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர்கள் குறைவு என்பதால், கொழும்பில் தன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்கிறார் என் தம்பி. இதனால் பல்கலைக்கழக அனுமதி பாதிக்கப்படுமா? இலவசக் கல்வி என்றாலும் எங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும்? இடம் கிடைக்காவிட்டால் கடன் எடுக்கலாமா?

பதில்: உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதே முக்கியமானது. அதற்கு இப்போதே, மகள் 12ஆம் தரத்தில் சேருவதற்கு முன்பே, விடை கண்டாக வேண்டும். பணத்தைப் பற்றிய மற்ற இரண்டையும் பிறகு சரிசெய்துகொள்ள வழியுண்டு. மாவட்டத்தைப் பிறகு மாற்றிக்கொள்ள வழியில்லை.

இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல், அப்போதைய கல்வி அமைச்சர் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. ஆனால் எத்தனை பேருக்கு இடம் என்பதை அரசின் வரவு செலவுத் திட்டமே தீர்மானிக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குத் தகைமை பெறுவோரில் அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சீனிக்கும் மாவுக்கும் வரி செலுத்தும் தோட்டத் தொழிலாளியின் பணமும் அந்த இடங்களுக்குள் அடக்கம் என்பதால், அவை எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பங்கீடு இசட் புள்ளியின் அடிப்படையில் நடக்கிறது. 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இம்முறையில், ஒரு பாடத்தில் மாணவி பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வரும் விடையை அப்பாடத்தின் நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவால்) வகுப்பார்கள். சராசரி 50, நியம விலகல் 10 என்றுள்ள பாடத்தில் 70 எடுத்தால் 2.0 கிடைக்கும், அதே 70ஐ, சராசரி 60 ஆகவும் விலகல் அதே 10 ஆகவும் உள்ள பாடத்தில் எடுத்தால் 1.0 மட்டுமே. மூன்று பாடங்களின் சராசரியே இறுதி இசட் புள்ளி. போட்டியில் நிற்பதற்கு, ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியும் உயர்தரத்தோடு நடத்தப்படும் பொது அறிவுத் தேர்வான பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகளும் வேண்டும்.

மருத்துவம் போன்ற கற்கைநெறிகளில் 40 சதவீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படுகிறது. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாக அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குரியது. ஹட்டன் அடங்கிய உங்கள் நுவரெலியா மாவட்டம் அந்தப் பதினாறில் ஒன்று, கொழும்பு அதில் இல்லை. ஆகவே உங்கள் மகள் நுவரெலியா மாணவியாக விண்ணப்பித்தால் மூன்று வாயில்களும் திறந்திருக்கும். கொழும்பு மாணவியாக விண்ணப்பித்தால் மூன்றாவது வாயில் அடைபடும். இரண்டாவதில், நாட்டின் பெரிய பாடசாலைகளிலும் தனியார் வகுப்புகளிலும் பயின்றவர்களோடு போட்டியிட வேண்டும்.

மாணவியின் மாவட்டத்தைத் தீர்மானிக்கையில், உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அவர் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதைப் பார்க்கிறார்கள். வீட்டு முகவரியும் வாக்காளர் பதிவும் தோட்டத்தில் இருக்கின்றனவே என்ற நம்பிக்கையில் பாடசாலையை மாற்றிவிட வேண்டாம். 12ஆம், 13ஆம் தரங்களைக் கொழும்பில் படித்தால் அந்த மூன்று ஆண்டுகளின் பெரும்பகுதி அங்கேயே கழிந்திருக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைந்நூலில் மாவட்டத்தைத் தீர்மானிப்பது பற்றி ஒரு பகுதி உண்டு. உங்கள் தம்பியும் நீங்களும் அதைச் சேர்ந்து வாசியுங்கள். கூடவே, ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் வெட்டுப்புள்ளி (இடம் பெறத் தேவைப்பட்ட மிகக் குறைந்த இசட் புள்ளி) பட்டியலில், மகள் விரும்பும் கற்கைநெறிக்கு இரு மாவட்டங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள்.

ஆசிரியர் பற்றாக்குறை பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். மாவட்ட ஒதுக்கீட்டின் பெரிய குறையும் அங்குதான் இருக்கிறது: மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை அது கணக்கில் எடுக்கிறது, நுவரெலியா நகரப் பாடசாலைக்கும் தோட்டப் பாடசாலைக்கும் இடையிலானதை எடுப்பதில்லை. 1970களில் மொழிவாரித் தரப்படுத்தல், அதாவது படித்த மொழியைப் பொறுத்துப் புள்ளிகளைச் சரிக்கட்டிய முறை, தமிழ் மாணவர்களுக்கு இழைத்த அநீதியை நினைத்து ஒதுக்கீடு முழுவதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவோர் இன்றும் உண்டு. மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டு நெடுங்காலமாயிற்று; இன்றைய மாவட்ட முறையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, நுவரெலியா மாணவர்கள் பயனே பெறுகிறார்கள். எனவே என் ஆலோசனை, மாவட்டத்தை மாற்றாமல் பாடசாலையை மட்டும் மாற்றுங்கள் என்பதே. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போல விஞ்ஞானப் பிரிவு நடத்தும் தமிழ்ப் பாடசாலையொன்றில் இடம் தேடுங்கள். தம்பியின் உதவியை விடுமுறைக்கால வகுப்புகளுக்கும் இணையவழி வகுப்புகளுக்கும் பெற்றுக்கொள்ளலாம். மகள் எங்கிருந்து எழுதினாலும் அகில இலங்கைத் திறமை வரிசையிலேயே இடம்பிடித்துவிடுவாள் என்று ஆசிரியர்கள் உறுதியாகச் சொன்னால் கொழும்பு யோசனை பாதகமில்லை. அத்தகைய உறுதியை யாரும் எளிதில் தரமாட்டார்கள்.

செலவைப் பற்றி: அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் கட்டணம் இல்லை. விடுதி கிடைத்தால் அதன் கட்டணமும் சிறியதே. ஆனால் எல்லா ஆண்டுகளுக்கும் விடுதி கிடைப்பது அரிது, வெளியே அறை எடுக்கும் ஆண்டுகளில்தான் சுமை தெரியும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், வருமானம் குறைந்த மாணவர்களுக்கான மற்றொரு உதவித்தொகை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியையே இது ஈடுசெய்யும். பதிவு செய்த அடுத்த மாதமே பணம் கைக்கு வந்துவிடாது என்பதால், முதல் சில மாதச் செலவை நீங்களே சேமித்து வைத்திருப்பது நல்லது.

கடனைக் கடைசி வழியாக மட்டுமே கருதுங்கள். தகைமை பெற்றும் இடம் கிடைக்காதவர்களுக்காக, அங்கீகரிக்கப்பட்ட அரசு சாரா நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டமொன்று உண்டு. வட்டியை அரசு ஏற்கும், கடன் தொகையை மாணவி திருப்பிச் செலுத்த வேண்டும். கையெழுத்திடுமுன் மற்ற வழிகளைப் பாருங்கள். உயர்தரத்துக்கு மூன்று முறை வரை தோற்றலாம் என்பதால் முதல் தடவையோடு முடிவு செய்ய வேண்டியதில்லை. விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களைச் சுகாதார அமைச்சு தாதியர் பயிற்சிக்குச் சேர்க்கும்போது பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஆசிரியத் தொழிலுக்கான வழி, அது உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கட்டணம் உண்டு.

ஒன்றை மட்டும் இப்போதே தொடங்கிவிடுங்கள். பாடசாலை அனுமதிப் பதிவு, விலகல் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் தரும் வதிவிடச் சான்று, தோட்ட நிர்வாகம் தரும் சம்பள விவரம் ஆகியவற்றில் மகளின் பெயரும் உங்கள் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். தோட்டப் பதிவேடுகளில் பெயர் பிறழ்ந்திருப்பது சாதாரணம். விண்ணப்பக் காலத்துக்குள் அதைத் திருத்த நேரம் போதாது.