இடைநிலை ஃபில்லோட்ஸ் கட்டி: அக்குள் அறுவை தேவையா?

வணக்கம். மார்பகத்தில் நார்த்திசுக் கட்டி (புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டி) என்று எண்ணி அகற்றியது இடைநிலை ஃபில்லோட்ஸ் கட்டி (சாதாரணக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்ட ஒரு மார்பகக் கட்டி) என அறிக்கை வந்திருப்பதால், தங்கள் தங்கைக்கு அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க நேருமோ என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாகத் தேவைப்படாது, இக்கட்டி நிணநீர் வழியே பரவுவது மிக அரிது, பரவும் சிலவும் இரத்தத்தின் வழியே பெரும்பாலும் நுரையீரலுக்கே செல்கின்றன.

ஊசித் திசுச் சோதனை இதைக் காட்டாமல் போனது வியப்பன்று. கட்டியின் தரத்தைத் தீர்மானிக்கும் இணைப்புத் திசுவின் செல் அடர்த்தியும் செல் பிளவு எண்ணிக்கையும் கட்டிக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறுபடுகின்றன; ஊசியில் வருவதோ அதன் ஒரு சிறு பகுதி மட்டுமே.

என் கவலையெல்லாம் வெட்டு விளிம்பை, அதாவது அகற்றிய திசுவின் வெளி ஓரத்தைப் பற்றியதே: கட்டி விளிம்பைத் தொடுவதாக அறிக்கை கூறினால், அதே இடத்தில் மீண்டும் வளரும் வாய்ப்பு கூடுவதால், சுற்றிலும் சுமார் 1 செ.மீ. நல்ல திசுவுடன் மறு அறுவை செய்வது பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மறுவளர்ச்சி பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே தோன்றுவதால், அக்காலத்தில் தொடர் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம்.