வடக்கு டகோட்டாவில் கூடுதல் கிடைமட்டக் கிணறுகள்: அனுமதி பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், பாக்கன் என்ற எண்ணெய்ப் பாறைப் படுகையில், ஏற்கெனவே கிணறு ஓடும் இடத்திலேயே மேலும் கிடைமட்டக் கிணறு (கீழே இறங்கிப் பிறகு பாறைக்குள் படுக்கைவாட்டில் ஓடும் கிணறு) தோண்ட எப்படி அனுமதி வாங்குகிறார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸுக்கும் ஒக்லஹோமாவுக்கும் இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

கார்த்திக்: சார், ஒரு கிணறு தோண்ட அனுமதி கொடுத்தாகிவிட்டது, எண்ணெயும் வருகிறது. பக்கத்திலேயே இரண்டாவது தோண்ட எதற்குத் தனி விசாரணை?

முதல் அனுமதி அந்த ஒரு கிணற்றுக்கு மட்டும்தான். இங்கே நிலம் செக்‌ஷன் செக்‌ஷனாக அளக்கப்பட்டிருக்கிறது. ஒரு செக்‌ஷன் என்பது ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். பாக்கனில் வழக்கமாக இரண்டு செக்‌ஷனைச் சேர்த்து 1280 ஏக்கரை ஒரு ஸ்பேசிங் யூனிட்டாக, அதாவது கிணறும் பங்கும் கணக்கிடும் நில அலகாக, வைக்கிறார்கள். வேறு ஆணை இல்லாதவரை ஒரு யூனிட்டில் ஒரே எண்ணெய்ப் படுகைக்கு ஒரு கிணறுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் மாநிலத் தொழில் ஆணையத்தின் விசாரணைக்குப் போக வேண்டும். ஆளுநர், அட்டர்னி ஜெனரல், வேளாண் ஆணையர் ஆகிய மூவரும்தான் அந்த ஆணையம். அன்றாட வேலையை அதன் எண்ணெய், எரிவாயுப் பிரிவு பார்க்கிறது.

ஆணையம் இரண்டு கேள்விதான் கேட்கும். ஒன்று, கூடுதல் கிணறு இல்லாவிட்டால் எண்ணெய் பாறைக்குள்ளேயே தங்கி வீணாகுமா? இரண்டு, அந்தக் கிணறு யாருடைய பங்கையாவது உறிஞ்சிக்கொள்ளுமா? கனிம உரிமை இங்கே பெரும்பாலும் தனியாருடையது. இந்தியாவைப் போல அரசின் சொத்து அல்ல. அதனால் இரண்டாவது கேள்விக்குக் கனம் அதிகம்.

செந்தில்நாதன்: ஆணையம் "ஒரு யூனிட்டில் 14 கிணறு வரை" என்று ஆணை போட்டுவிட்டால் 14-ம் தோண்டலாம் என்று அர்த்தமா?

இல்லை. பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். அந்த ஆணை உச்சவரம்பைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் தனியாகத் தோண்டும் பெர்மிட் வேண்டும், தனி ஏபிஐ எண் (கிணற்றின் அடையாள எண்) வேண்டும். பெர்மிட் ஓராண்டுக்குச் செல்லும். அதற்குள் ரிக் (தோண்டும் இயந்திரம்) வரவில்லை என்றால் நீட்டிக்க வேண்டும். பல யூனிட்டுகளில் ஆணை கொடுத்த எண்ணிக்கையில் பாதிகூடத் தோண்டப்பட்டிருக்காது. ஆணையை வைத்துக்கொண்டு "இத்தனை கிணறு வரப்போகிறது" என்று யாராவது கனிம உரிமையை விற்க வந்தால் நம்பாதீர்கள். பெர்மிட் பட்டியலைப் பாருங்கள்.

செந்தில்நாதன்: எத்தனை கிணறு என்பதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

யூனிட் ஒரு மைல் அகலம், அதாவது 5,280 அடி. பக்கவாட்டு எல்லையிலிருந்து 500 அடி தள்ளித்தான் கிணறு போக வேண்டும். இரண்டு பக்கமும் கழித்தால் மிச்சம் 4,280 அடி. அதில் 4 கிணறு போட்டால் இடைவெளி சுமார் 1,430 அடி. 7 போட்டால் சுமார் 710 அடி. பாக்கனின் நடு அடுக்கும் அதற்குக் கீழே இருக்கும் த்ரீ ஃபோர்க்ஸும் பொதுவாக ஒரே படுகையாகத்தான் ஆணையில் வரையறுக்கப்படும். அதனால் இரண்டு அடுக்கிலும் மாற்றி மாற்றி வைத்து எண்ணிக்கையை ஏற்றுவார்கள். 710 அடி இடைவெளி காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஃபிராக் விரிசல் (தண்ணீரும் மணலும் அழுத்திப் பாறையில் உண்டாக்கும் விரிசல்) அதையும் தாண்டிப் போய்ப் பக்கத்துக் கிணற்றைத் தொட்டுவிட்டால் புதுக் கிணறு தருவது புது எண்ணெய் அல்ல, பழைய கிணற்றின் எண்ணெய்தான். விசாரணையில் இதைத்தான் துருவிக் கேட்க வேண்டும்: கூடுதலாகக் கிடைப்பது எவ்வளவு, சீக்கிரம் கிடைப்பது மட்டும் எவ்வளவு?

பிரியா: எல்லையோரம் இரண்டு பக்கமும் 500 அடி விட்டால் நடுவில் 1,000 அடிப் பட்டை யாருக்கும் இல்லாமல் கிடக்குமே?

சரியாகப் பிடித்தீர்கள். அதற்காகத்தான் செக்‌ஷன் கோட்டின் மேலேயே ஓடும் கிணறுகள் வந்தன. அடுத்தடுத்த இரண்டு 1280 ஏக்கர் யூனிட்டுகளின் மேல், நான்கு செக்‌ஷனையும் சேர்த்து 2560 ஏக்கர் யூனிட் ஒன்றை அடுக்கி, அதில் அந்த ஒரு கிணற்றுக்கு மட்டும் அனுமதி கேட்பார்கள். பழைய யூனிட்டுகள் அப்படியே இருக்கும். பங்கு மட்டும் மாறும். உங்களுக்கு 10 ஏக்கர் இருந்தால் வழக்கமான கிணற்றில் 1280-இல் 10. கோட்டுக் கிணற்றில் 2560-இல் 10. ராயல்டிச் சீட்டில் (உரிமைக்காரருக்கு வரும் வருமானப் பங்கின் கணக்கு) ஒரு கிணற்றுக்குப் பாதிப் பங்கு காட்டுகிறது என்று பதறுகிறவர்கள் முதலில் அந்தக் கிணறு எந்த யூனிட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன், பின் எல்லைக்கு விதி கொஞ்சம் தளர்வு. பல கள ஆணைகளில் 200 அடி வரை குறைத்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் 500-க்குப் பதில் 200 என்றால் உற்பத்திக்குத் திறக்கும் நீளம் 600 அடி கூடும். இடத்துக்கு இடம் எண் மாறுவதால் அந்தந்தக் களத்தின் ஆணையை எடுத்துப் படிக்காமல் திட்டம் வரையாதீர்கள்.

அருண்: பெர்மிட் விண்ணப்பத்தில் என்னென்ன இருக்க வேண்டும் அண்ணா? எங்கே திருப்பி அனுப்புகிறார்கள்?

பதிவு பெற்ற நில அளவையர் சான்றளித்த வரைபடம், தோண்டும் திட்டம், கேசிங்கும் (கிணற்றுக்குள் இறக்கும் எஃகுக் குழாய்) சிமென்ட்டும் எந்த ஆழம் வரை என்ற விவரம், கிணறு வளைந்து போகும் பாதையின் கணக்கு, எண்ணெயோடு வரும் எரிவாயுவை எரித்துவிடாமல் பிடிக்கும் திட்டம், 100 டாலர் கட்டணம். இதற்கு முன்பே ஆபரேட்டர் (கிணற்றை நடத்தும் நிறுவனம்) பெயரில் பிணைப் பத்திரம் இருக்க வேண்டும். ஒற்றைக் கிணற்றுக்கு 50,000 டாலர், பல கிணறுகளுக்குப் பொதுவாக 1,00,000 டாலர்.

விண்ணப்பம் தடுக்கி விழுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். வரைபடத்தில் ஒரு தூரம், பாதைக் கணக்கில் வேறு தூரம். கிணற்றின் பெயரில் செக்‌ஷன் எண் தவறு. ஆணை அனுமதித்த எண்ணிக்கை ஏற்கெனவே பெர்மிட் ஆன கிணறுகளால் நிரம்பியிருப்பது. இந்த மூன்றாவது ரொம்ப முக்கியம். தோண்டாமல் கிடக்கும் பழைய பெர்மிட் கணக்கை அடைத்துக்கொண்டிருந்தால் அதை ரத்து செய்துவிட்டுப் புதிதைக் கேளுங்கள்.

பேட்டின் (கிணறுகள் தொடங்கும் மேற்பரப்புத் தளம்) இடத்தையும் மறக்காதீர்கள். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 500 அடிக்குள் என்றால் வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதமோ ஆணையத்தின் ஆணையோ வேண்டும். ஒரே பேட்டில் கூடுதல் கிணறு சேர்க்கும்போது பேட் விரிந்து அந்த 500 அடியைத் தொடுவது நடக்கிறது.

அருண்: தோண்டும்போது பாதை விலகி எல்லைக்குள் போய்விட்டால்?

ஒரு டிகிரி திசைப் பிழை 10,000 அடியில் சுமார் 175 அடி விலக்கும். அரை டிகிரி என்றாலே 87 அடி. எல்லையிலிருந்து 550 அடியில் திட்டம் போட்டவருக்கு 50 அடிதான் இடம் இருக்கிறது. அரை டிகிரியே அதைத் தின்றுவிடும். வரைபட வடக்கையும் உண்மை வடக்கையும் குழப்பிக்கொள்வதுதான் பழகிப்போன காரணம். அளவையர் ஒன்றில் கொடுக்க, தோண்டுகிறவர் மற்றொன்றில் எடுத்துக்கொள்கிறார். ரிக் வருமுன் இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும்.

விலகிவிட்டால் வழி மூன்று. பின்னால் இழுத்து வேறு பாதையில் மறுபடி தோண்டுவது, எல்லைக்குள் போன பகுதியைத் திறக்காமல் அடைத்து விடுவது, விதிவிலக்கு கேட்டு விசாரணைக்குப் போவது. மூன்றாவதில் பக்கத்து யூனிட்காரர் எதிர்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும், கிணறோ காத்திருக்கும்.

மீனாட்சி: என் கணவரின் பாட்டி வழியில் மக்கென்ஸி கவுண்டியில் 10 ஏக்கர் கனிம உரிமை வந்திருக்கிறது. குத்தகைக்கு விடவில்லை. புதுக் கிணற்றில் பங்கெடுக்கிறீர்களா என்று கேட்டு 30 நாள் கெடு போட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பதில் போடாவிட்டால் என்ன ஆகும்?

அம்மா, கெடு முடியுமுன் முடிவெடுங்கள். கடிதம் கையில் கிடைத்த நாளைக் குறித்து வைத்து, அஞ்சல் உறையையும் பத்திரப்படுத்துங்கள். உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது: குத்தகைக்கு விடலாம், பணம் போட்டுப் பங்கெடுக்கலாம், சும்மா இருக்கலாம்.

சும்மா இருந்தால் ஆணையம் உங்கள் பங்கையும் யூனிட்டோடு சேர்த்து ஆணை போடும். அதனால் ஒன்றுமே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். யூனிட்டில் குத்தகைக்குப் போன நிலங்களின் சராசரி ராயல்டியோ, ஆபரேட்டர் விரும்பினால் 16 சதவீதமோ, செலவு எதுவும் பிடிக்காமல் முதல் நாளிலிருந்து வரும். மீதிப் பங்கிலிருந்து கிணற்றுச் செலவில் உங்கள் பாகத்தையும், அதற்கு மேல் 50 சதவீத அபாயத் தண்டத்தையும் (முன்பணம் போடாததற்கான கூடுதல் கழிவு) ஆபரேட்டர் எடுத்துக்கொள்வார். இரண்டும் கழிந்த பிறகு முழுப் பங்கு உங்களுக்கு.

எண்ணில் சொல்கிறேன். 1280-இல் 10 ஏக்கர் என்றால் 0.78125 சதவீதம். கிணற்றுச் செலவு 80 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாகம் 62,500. தண்டம் 31,250. மொத்தம் 93,750 டாலர் கழியும்வரை உங்களுக்கு வருவது 16 சதவீத ராயல்டி மட்டும், அதாவது கிணற்றின் மொத்த வருமானத்தில் 0.125 சதவீதம். பங்கெடுப்பதென்றால் அந்த 62,500-ஐ முன்கூட்டியே கட்ட வேண்டும். செலவு கூடினால் கூடுதலும் உங்கள் தலையில்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். தண்டம் விதிக்க வேண்டுமானால் ஆபரேட்டர் முதலில் நல்லெண்ணத்தோடு உங்களிடம் குத்தகை கேட்டிருக்க வேண்டும். கடிதத்தில் கிணற்றின் இடம், ஆழம், செலவு மதிப்பீடு, தோண்டத் தொடங்கும் உத்தேச நாள் எல்லாம் இருக்க வேண்டும். இவற்றில் ஓட்டை இருந்தால் தண்டத்தை எதிர்க்கலாம். அடுத்தது, சட்டம் தண்டத்தை "சேர்க்கப்பட்ட யூனிட்டின் உற்பத்தியிலிருந்து" வசூலிக்கலாம் என்கிறது. ஆகவே கூடுதல் கிணறுகள் வர வர, கழிந்து முடிந்த பழைய கிணற்றின் பணமும் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று மாதாமாதம் சீட்டைப் பாருங்கள். கையெழுத்துப் போடுமுன் அந்த மாநில எண்ணெய், எரிவாயு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

ராஜேஷ்: குத்தகை எடுத்துவிட்டுப் பங்கெடுக்காத நிறுவனத்துக்கும் இதே 50 சதவீதமா?

இல்லை, 200. செலவோடு சேர்த்தால் மூன்று மடங்கு. 62,500 டாலர் பாகத்துக்கு 1,87,500 கழிய வேண்டும். சிறு நிறுவனங்கள் ஒரே பேட்டில் ஆறேழு அழைப்புக் கடிதம் ஒன்றாக வந்ததும் திணறுவது இதனால்தான். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கலாம்.

பிரியா: புதுக் கிணற்றை ஃபிராக் செய்யும்போது பழைய கிணறு கெட்டுப்போகிறது என்கிறார்களே?

நடக்கிறது. பழைய கிணற்றைச் சுற்றிப் பாறையின் அழுத்தம் குறைந்திருக்கும். விரிசல் அழுத்தம் குறைந்த பக்கம்தான் ஓடும். தண்ணீரும் மணலும் பழைய கிணற்றுக்குள் புகுந்து பம்பை அடைக்கும். அதனால் புதுக் கிணற்றை ஃபிராக் செய்யுமுன் பக்கத்துக் கிணறுகளை மூடி, பம்பை மேலே எடுத்து வைத்து, அழுத்தமானியைப் பொருத்துகிறார்கள். சில நேரம் பழைய கிணற்றில் தண்ணீர் ஏற்றி அழுத்தத்தைக் கூட்டவும் செய்கிறார்கள். மூடியிருக்கும் மாதங்களில் உங்கள் ராயல்டி குறையும். அதைப் பார்த்துக் கிணறு செத்துவிட்டது என்று விற்றுவிடாதீர்கள்.

ஃபிராக் நடக்கும்போது நடுக் கேசிங்குக்கும் மேல் கேசிங்குக்கும் இடையே அழுத்தம் 350 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) தாண்டினால் 24 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்குச் சொல்லியாக வேண்டும். நிலத்தடி நீரைக் காக்கும் விதி இது. பயன்படுத்திய ரசாயன விவரத்தை 60 நாளுக்குள் ஃபிராக்ஃபோகஸ் என்ற பொது இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

கார்த்திக்: எரிவாயுவைப் பிடிக்கும் திட்டம் என்றீர்களே, அது சும்மா சம்பிரதாயமா?

இல்லவே இல்லை. 2014-இலிருந்து பெர்மிட்டோடு அது கட்டாயம். 2020 நவம்பரிலிருந்து இலக்கு 91 சதவீதம். பிடிக்கத் தவறினால் கிணற்றின் உற்பத்தியை நாளுக்கு 200 பீப்பாய்க்கோ, 60 சதவீதத்துக்கும் கீழே போனால் 100 பீப்பாய்க்கோ குறைக்கலாம் என்று ஆணை சொல்கிறது. ஒரே பேட்டில் ஆறு கிணறு ஒரே மாதத்தில் திறந்தால் குழாயில் இடம் இருக்காது. குழாய் நிறுவனத்திடம் முன்பே கொள்ளளவைப் பேசி வைக்காமல் கூடுதல் கிணறு தோண்டுவது எரிவாயுவை எரித்துத் தள்ளுவதற்குத்தான்.

ராஜேஷ்: கிணற்றுப் பாதையில் கூட்டரசின் கனிமம் இருந்தால்?

மாநில பெர்மிட்டோடு கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பெர்மிட்டும் வேண்டும். கட்டணம் 10,000 டாலருக்கு மேல். 30 நாள் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள். ஃபோர்ட் பெர்தோல்ட் பழங்குடி நிலத்தில் இன்னும் சில அலுவலகங்கள் சேரும். அந்தக் கிணறுகளை அட்டவணையில் பின்னால் வையுங்கள்.

மீனாட்சி: கூடுதல் கிணறே வேண்டாம் என்றோ தூரத்தை மாற்றச் சொல்லியோ விசாரணையில் பேச முடியுமா? அமெரிக்கா போக வேண்டுமா?

விசாரணைப் பட்டியல் மாதந்தோறும் வரும். குறைந்தது 15 நாள் முன்பு பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கில் நடக்கும். எதிர்ப்பு இல்லாத வழக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே எதிர்க்கிறவர் அந்த நாளுக்கு முன்பே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். உரிமைக்காரர் என்ற முறையில் கடிதம் எழுதலாம். சட்ட வாதமும் சாட்சியும் வைப்பதென்றால் வழக்கறிஞர் வேண்டும்.

"வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. பக்கத்துக் கிணற்றின் மாத உற்பத்தி எண்களை இணைத்து, இந்த இடைவெளியில் பழைய கிணறு எவ்வளவு இறங்கியது என்று காட்டுங்கள். அந்த எண்கள் மாநிலத்திடம் இருக்கின்றன. புதுக் கிணறு ஆறு மாதம் ரகசியமாக வைக்கப்படலாம் என்பதால் கொஞ்சம் பழைய கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணை வந்த பிறகும் மனநிறைவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். அதற்கும் 30 நாள்தான்.

அருண்: மேற்பரப்பு நிலத்துக்காரர் வேறு ஆள் என்றால்?

தோண்டத் தொடங்குவதற்குக் குறைந்தது 20 நாள் முன்பு அவருக்கு எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும், நஷ்ட ஈடும் பேசியிருக்க வேண்டும். முதல் கிணற்றுக்குக் கொடுத்த ஒப்பந்தம் கூடுதல் கிணறுகளையும் அடக்குமா என்று படித்துப் பாருங்கள். "ஒரு கிணறு" என்று எழுதியிருந்தால் மறுபடியும் போய் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.