அப்பத்தா கேட்ட புள்ளி

வணக்கம் ஐயா,

நான் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, இந்த வருஷம் திருவிழா வரி ரசீதை லேப்டாப்பில் போட்டுத் தருகிறேன் என்று நானாகவே பொறுப்பெடுத்துக்கொண்டேன். வழக்கமாகப் பெரியப்பா கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதுவார். பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ரசீதில் பெயருக்கு உள்ள கட்டம் சிறியது. அதனால் பத்து எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும்படி செய்திருந்தேன். குமார், ராஜா என்று நான்கைந்து பெயரை ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. ராத்திரியே மொத்த ரசீதையும் அச்சடித்து, விடிந்ததும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது. வெங்கடாசலம் தாத்தா ‘வெங்கடாசலம’ ஆகியிருந்தார். கிருஷ்ணமூர்த்தி சித்தப்பா ‘கிருஷ்ணமூர’. முத்துலட்சுமி அத்தை ‘முத்துலட்ச’. டீக்கடையில் அன்று முழுவதும் அதே பேச்சு. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் அப்பத்தா பெயர் செல்லம்மாள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர். அன்னதானத்துக்குத் தனியாக 101 ரூபாய் கொடுத்திருந்தார். ரசீதை வெளிச்சத்தில் பிடித்து, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டு, “ள-வுக்குப் புள்ளி எங்கப்பா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

செல்லம்மாள் ஆறு எழுத்துதானே ஐயா, பத்துகூட இல்லையே? கணினிக்குத் தமிழ் எழுத்து எது என்றே தெரியாதா? ஆங்கிலத்தில் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை என்கிறான் அறைத்தோழன். அடுத்த வருஷம் பழையபடி கார்பன் தாளே போதும் என்கிறார் பெரியப்பா. நான் என்ன செய்ய?

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அப்பத்தாவின் கேள்விதான். ‘பேர் தப்பா இருக்கு’ என்று அவர் பொதுவாகச் சொல்லவில்லை. எந்த எழுத்து, அதில் எது குறைகிறது என்று துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லேப்டாப்பில் செல்லம்மாள் என்று அடியுங்கள். கடைசியில் பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பெரும்பாலான கணினிகளில் ‘ள்’ முழுதாகப் போகாது. புள்ளி மட்டும் உதிர்ந்து ‘செல்லம்மாள’ என்று நிற்கும். உங்கள் ரசீதில் வந்ததும் இதேதான். நாம் ‘செ’ என்று ஓர் எழுத்தாகப் படிப்பதைக் கணினி ‘ச’ என்றும் ஒற்றைக்கொம்பு என்றும் இரண்டாக வைத்திருக்கிறது. ‘ல்’ என்பது ‘ல’வும் புள்ளியும். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் செல்லம்மாள் பதினொன்று. நீங்கள் பத்தில் வெட்டச் சொன்னீர்கள். பதினொன்றாவதாக நின்றது அப்பத்தாவின் புள்ளி. கிருஷ்ணமூர்த்தி நமக்கு எட்டு எழுத்து, கணினிக்குப் பதினைந்து. அதையே யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால், ஒவ்வொன்றுக்கும் மூன்றாக 45 பைட். பைட் என்பது கணினி சேமிக்கும் சிற்றளவு. பைத்தான் பைட்டை எண்ணவில்லையே என்று சந்தோஷப்படுங்கள். எண்ணியிருந்தால் பத்துக்கு மூன்று எழுத்துக்கூடத் தேறியிருக்காது.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்பீர்கள். தமிழில் 247 எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் முறையின் முதல் பதிப்பு 1991-இல் வந்தபோது, இந்திய மொழிகளுக்கென ஏற்கெனவே இருந்த இஸ்கி முறையை ஒட்டி, தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். அதில் உயிரெழுத்துக்கு இடம் உண்டு. அகரம் ஏறிய க, ச, ட வரிசைக்கு உண்டு. கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்கும் உண்டு. ‘கி’க்கோ ‘க்’குக்கோ தனி இடம் கிடையாது, ஒட்டித்தான் உருவாக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையையும் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் கைபேசியும் இணையமும் யூனிகோடில்தான் ஓடுகின்றன.

இதில் தமிழாசிரியர்கள் சிலருக்குத் தீராத வருத்தம் உண்டு. இலக்கணப்படி க் என்பதுதான் அடிப்படை. அதில் அ ஏறினால் க. மெய்யின் இயற்கையே புள்ளியோடு நிற்பது என்று தொல்காப்பியம் சொல்கிறது. கணினியில் இது தலைகீழ். முதலில் க, அதன்மேல் புள்ளி வைத்தால் க். வருத்தம் நியாயம்தான். ஆனாலும் நான் அந்தக் கட்சியில் இல்லை. நம் கையும் அப்படித்தானே எழுதுகிறது? ளவை எழுதி முடித்து, கையைத் தூக்கி, அப்புறம்தானே புள்ளி வைக்கிறோம்?

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நானும் சில மாதம் தொண்டனாகப் போய் வந்தேன். இரவு வகுப்பு. பகலெல்லாம் கல் உடைத்துவிட்டும் நடவு நட்டுவிட்டும் பெண்கள் வந்து உட்காருவார்கள். எந்தப் பாடத்தில் தொடங்கினாலும் இரண்டாம் நாளே ‘என் பேரை எழுதிக் காட்டுங்க’ என்றுதான் கேட்பார்கள். ஓர் அம்மா தன் பெயரைச் சிலேட்டில் முழுக்கப் புள்ளியில்லாமல் எழுதினார். நான் திருத்தப் போனேன். ‘இருங்க தம்பி’ என்று கையை விலக்கிவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி வந்து, எங்கெங்கே வேண்டுமோ அங்கெல்லாம் ஒவ்வொன்றாகக் குச்சியை அழுத்திப் புள்ளி வைத்தார். ‘கோலத்துக்கு மொதல்ல புள்ளி, பேருக்குக் கடைசில புள்ளி’ என்றார். கடைசிப் புள்ளியை வைத்த பிறகுதான் சிலேட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். உங்கள் அப்பத்தாவுக்கும் அந்தப் புள்ளி அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அது இல்லாத ரசீதில் அவருக்குத் தன் பேர் முடியவில்லை.

பனையோலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை, எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். படிப்பவர்களே இடம் பார்த்துப் புள்ளியைச் சேர்த்துப் படித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் சுவடியில் ‘வெஙகடாசலம’ என்றிருந்தாலும் வெங்கடாசலம் என்றே படித்திருப்பார்கள். யாராவது உங்களைத் தேற்றுவதற்கு இதைச் சொல்லக்கூடும். ஏற்காதீர்கள். ஓலையில் எழுதியவருக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது.

வழி எளிதுதான். பெயரை வரிசையாகப் படித்துக்கொண்டே வரும்போது, கால், கொம்பு, புள்ளி போன்ற குறி வந்தால் அதைப் புது எழுத்தாக எண்ணாமல் முந்தின எழுத்தோடு ஒட்டிவிடும்படி கோட் எழுதுங்கள். பத்து வரிகூட ஆகாது. பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தில், அதாவது முன்பே எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பில், இந்த வேலைக்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. ஆனாலும் முதல் தடவை நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத்து எங்கே முடிகிறது என்று அப்போது கைக்கே தெரியும்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெயரை ஏன் வெட்ட வேண்டும்? பெரியப்பாவின் பழைய ரசீதுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். இடம் போதாத இடத்தில் அவர் கடைசி எழுத்துகளை நெருக்கி எழுதியிருப்பார், இல்லையென்றால் மடக்கி அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருப்பார். ஒரு பெயரையாவது பாதியில் நிறுத்தியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். உங்கள் புரோகிராமும் அதைச் செய்யட்டும். எழுத்தின் அளவைக் குறைக்கட்டும், அல்லது இரண்டு வரியாக மடக்கட்டும். ஊரிலேயே நீளமான பெயர் யாருடையது என்று பெரியப்பாவைக் கேட்டு, அதை முதலில் அச்சடித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இது என் வீட்டுப் பாடு. பல வருஷக் கட்டுரைகளைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒருநாள் ஔவையார் என்று தேடினால், நானே எழுதிய ஒரு கட்டுரை வரவே இல்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்து இரண்டு நாள் மனசு சரியில்லை. கடைசியில் பார்த்தால் கட்டுரை அங்கேயேதான் இருந்தது. தட்டச்சு செய்தபோது ஔ என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ஒ-வும் ள-வும் அடுத்தடுத்து விழுந்திருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடும்போது வேறு. கௌரி, கௌசல்யா என்ற பெயர்களிலும் இதே சிக்கல். கொம்பு, க, அப்புறம் ள என்று அடித்து ‘கெளரி’ ஆக்கிவிடுகிறோம். உங்கள் வரிப் பட்டியலில் கௌரி யாராவது இருந்தால், அடுத்த வருஷம் பாக்கி பார்க்கும்போது அவர் வரி கட்டியதே இல்லை என்று வந்து நிற்கும். இப்போதே பார்த்துவிடுங்கள்.

சரி, அறைத்தோழர் சொன்னதற்கு வருகிறேன். ஆங்கிலத்தில் போட்டிருந்தால் வம்பு இருந்திருக்காது என்பது உண்மையில்லை. வெங்கடாசலம் ஆங்கிலத்திலும் பத்துக்கு மேல் போகும், அங்கேயும் வால் போயிருக்கும். ஒரே வித்தியாசம், அப்பத்தாவால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பேரனுக்கு வலிக்கக் கூடாதென்று ரசீதை மடித்து முந்தியில் முடிந்துகொண்டு பேசாமல் போயிருப்பார். அவர் விரல் வைத்துப் படிக்கவும், உங்களை நிறுத்திக் கேட்கவும் முடிந்தது அது தமிழில் இருந்ததால்தான். தயவுசெய்து அவரிடமிருந்து அதைப் பறித்துவிடாதீர்கள். பெரியப்பாவிடமும் கோபிக்க வேண்டாம். அடுத்த வருஷம் அவர் கார்பன் தாளில் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே பெயர்களைக் கணினியில் ஏற்றுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அதற்கடுத்த வருஷம் அவரே உங்களிடம் தருவார்.

அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. தப்பாகப் போன ரசீதுகளைத் திருத்தி மறுபடி கொடுங்கள். முதலில் அப்பத்தாவுக்கு. அதன் பிறகு, உங்களிடம் குறை சொன்னவர்களோடு நிறுத்திவிடாமல் பட்டியல் முழுவதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஊரில் சுப்பிரமணியம் என்று யாராவது கட்டாயம் இருப்பார். கணினிக் கணக்கில் அது பதின்மூன்று. பத்தில் வெட்டினால் ‘சுப்பிரமணி’ என்று வரும். அது முழுப்பெயர் போலவே இருப்பதால் டீக்கடையில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள், அவரும் உங்களிடம் வந்து கேட்டிருக்க மாட்டார். அவர் வீட்டுக்கும் ஒரு புது ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள்.