எந்த இடத்தில் மொக்கை?

கேள்வி: நான் ஆசையாகக் காத்திருக்கும் வீடியோ கேம் எல்லாம் வெளிவந்த அன்று மத்தியானத்துக்குள் 'மொக்கை' என்று பேர் வாங்கிவிடுகிறது. கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் அதே ஆட்கள் அதே கேமைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். பண்டிகைக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆடியவர்கள் சொல்லும் கருத்தை நம்பி வாங்கலாமா, கூடாதா?
- கல்லூரி மாணவர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, காசுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 'மொக்கை'யைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன்.

மொக்கை என்றால் கூர் மழுங்கியது. கத்திக்கும் அரிவாளுக்கும் சொல்லிவந்த சொல். அதை எடுத்துப் படத்துக்கு வைத்தோம், பேச்சுக்கு வைத்தோம், இப்போது கேமுக்கும் வைத்திருக்கிறோம். வைத்ததில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மார்த்தாண்டத்திலிருந்து. அங்கிருந்து குலசேகரம், பேச்சிப்பாறை என்று மேலே ஏறினால் வழியெல்லாம் ரப்பர் மரம்தான். கத்தியின் கூர் சோறு போடுகிற ஊர் அது. அந்த ஊரில் மொக்கை என்ற சொல்லை இப்படிக் கண்டபடி வீசினால் எனக்குப் பொறுக்காது.

எங்கள் பாட்டா பால்வெட்டுக்காரர். விடிவதற்கு முன்னாலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே போகவேண்டும். உள்ளே தடியைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் பாக்கி இருக்கும்போது கை நிற்கவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், அடுத்த முறை அங்கே கத்தி ஓடாது. கத்தி மழுங்கியிருந்தாலும் இதே கதிதான். பட்டை சீவுப்படாது, கிழியும்.

வேலை முடிந்து வந்தால் பாட்டா திண்ணையில் உட்கார்ந்து கத்தியைப் பெருவிரல் நகத்தில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்ப்பார். கண்ணால் பார்க்கமாட்டார், நகத்தில்தான் பார்ப்பார். "முனை சரியா இருக்கு மக்கா. வளைவுக்கு உள்ள ஒரு நெல்லு நீளத்துக்கு மழுங்கிப்போச்சு. அங்கதான் கிழியுது" என்பார். அந்த ஒரு நெல் நீளத்தை மட்டும் கல்லில் வைத்துத் தீட்டுவார். கத்தி மொக்கை என்று சொல்லி அவர் தூக்கி எறிந்து நான் பார்த்ததே இல்லை. எந்த இடத்தில் மொக்கை என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சொல் சொந்தம் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் நண்பர்களிடம் இதைத்தான் கேட்கவேண்டும். எந்த இடத்தில்?

2020 டிசம்பர் 10-ஆம் தேதி 'சைபர்பங்க் 2077' வந்ததே, நினைவிருக்கிறதா? வருஷக்கணக்காக உலகமே காத்திருந்த கேம். சோனி நிறுவனத்தின் பழைய கேம் மெஷினான பிளேஸ்டேஷன் 4-இல் போட்டவர்களுக்குப் பாதியில் நின்றது, படம் உடைந்தது. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே நாட்களில் நல்ல கணினி வைத்திருந்தவர்கள் அதை ரசித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். "பழைய மெஷினில் ஓடவில்லை" என்று எழுதியவர் பாட்டா மாதிரி இடத்தைக் காட்டினார். வெறும் மொக்கை என்று எழுதியவரால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, தயாரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிறகு திருத்தித் திருத்தி 2023 செப்டம்பரில் 2.0 என்று ஒரு பெரிய மாற்றம் கொண்டுவந்தார்கள். 2016 ஆகஸ்டில் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை'யும் அப்படித்தான். சொன்னதெல்லாம் உள்ளே இல்லை என்று திட்டு வாங்கியது. அதைச் செய்த சின்னக் குழு ஓடி ஒளியவில்லை. வருஷக்கணக்கில் காசு வாங்காமல் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆக, ஆட்கள் பேச்சு மாறிவிட்டார்கள் என்று நீங்கள் குறைப்படுவதில் பாதிதான் நியாயம். கத்தியே தீட்டப்பட்டுவிட்டது. முதல் நாள் எழுதியது முதல் நாள் கத்தியைப் பற்றி. கருத்தைப் படிக்கும்போது அதன் தேதியையும் படியுங்கள்.

இந்த இடத்தில் என் பழைய சண்டையை எடுக்காமல் போக முடியாது. இந்தப் பத்திரிகையில் பட விமர்சனத்துக்கு மார்க் போடமாட்டோம் என்று முடிவெடுத்தபோது என்னோடு கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்திய வாசகர்கள் உண்டு. இன்றைக்கும் அந்த முடிவில்தான் இருக்கிறேன். மார்க் என்ன செய்யும் என்பதற்கு உங்கள் உலகத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2010-இல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்று ஒரு கேம். அப்சிடியன் என்ற நிறுவனம் உருவாக்கியது. விமர்சகர்கள் போடும் மார்க்கையெல்லாம் கூட்டிச் சராசரி எடுக்கிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 85 வந்தால் போனஸ் என்பது ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் போச்சு. 2012-இல் அந்தக் குழுவைச் சேர்ந்த கிறிஸ் அவலோன் சொல்லித்தான் இது வெளியே தெரிந்தது. ஒரே ஒரு மார்க், தம்பி. எங்கோ ஒருவர் அரைமனதாகப் போட்ட எண், இரவெல்லாம் உட்கார்ந்து வேலை செய்தவர்களின் கூலியில் போய் விழுகிறது. அந்த கேமை இன்றைக்கும் ஆடி, இன்றைக்கும் புகழ்கிறார்கள். அந்த 84 யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

கணினி கேம்களை இணையத்தில் விற்கிற ஸ்டீம் கடையில் மார்க் இல்லை, கட்டைவிரல் மேலே அல்லது கீழே, இரண்டே வழி. அதுவும் எனக்குப் போதவில்லை. நம் மாவட்டத்தில் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: கொள்ளாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் மீன்கறியை ருசி பார்த்துவிட்டு ஒரு அம்மா 'கொள்ளாம்' என்று சொல்லும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இழுத்துச் சொன்னால் ஒரு அர்த்தம், வெட்டிச் சொன்னால் ஒரு அர்த்தம், தலையை ஆட்டிக்கொண்டே சொன்னால் இன்னொன்று. பிரமாதத்துக்கும் பரவாயில்லைக்கும் நடுவில் உள்ள அத்தனை படியும் அந்த ஒரே சொல்லில் நிற்கும். கையில் இதை வைத்துக்கொண்டு நாம் ஏன் பிரமாதம், மொக்கை என்று இரண்டே சொல்லோடு திரிகிறோம்?

ஆடியவர்கள் கருத்துக்கு வலிமை கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. இடம் சொல்லிப் பேசினால் மலையும் அசையும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து மூன்றே பேர் கொண்ட குழு 'ஹாலோ நைட்: சில்க்சாங்' என்ற கேமை 2019 பிப்ரவரியில் அறிவித்து, 2025 செப்டம்பர் 4-இல் வெளியிட்டது. அன்றைக்கு வாங்க வந்த கூட்டத்தில் இணையக் கடைகளே திணறின. உலகம் முழுக்கப் பாராட்டு. சீனர்கள் மட்டும் கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள். ஆட்டம் பிடிக்காமல் அல்ல. சீன மொழிபெயர்ப்பு பழங்காலத்து நடையில், வாயில் நுழையாதபடி இருந்தது என்று எழுதினார்கள். சரிசெய்கிறோம் என்று அந்தக் குழுவினர் ஒரு சில நாளிலேயே பதில் சொன்னார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. சீனர்கள் தங்கள் மொழி நன்றாக இல்லை என்று சண்டை போடுகிறார்கள். நாம் நம் மொழி இல்லவே இல்லை என்பதைக்கூடக் கேட்பதில்லை. ஸ்டீம் கடையின் முகப்பை இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் படிக்கலாம், தமிழில் முடியாது. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் எத்தனை பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஆடுகிறார்கள்! அவர்களில் ஒருவராவது "தமிழ் எங்கே?" என்று ஒரு வரி எழுதியிருப்பாரா? நான் இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

தமிழ் வாழ்க்கையை வைத்து கேம் செய்தால் யார் ஆடுவார்கள் என்று கேட்கிறவர்களுக்கு 'வெண்பா'வைக் காட்டுவேன். கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்து 2023 ஜூலை 31-இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா பேர் வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்து, மை அழிந்து கிடக்கிறது. அழிந்த வரிகளை நாம் யோசித்து நிரப்பிச் சமைக்கவேண்டும். அதுதான் ஆட்டம். 2024-இல் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

அதை நான் தக்கலையில் அக்கா வீட்டில், மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புட்டு செய்கிற கட்டம் வந்தது. பையன் எதை முதலில் போடுவது என்று தெரியாமல் முழித்தான். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அக்கா, கம்ப்யூட்டர் பக்கம் எப்போதும் எட்டிப்பார்க்காதவள், திரையைப் பார்த்துவிட்டு, "லேய், முதல்ல தேங்காப்பூ போடு, அப்புறம் மாவு, அதுக்கு மேல திரும்பத் தேங்காப்பூ" என்றாள். அப்புறம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தாள். முடிந்ததும் "கொள்ளாம்" என்றாள், இழுத்துத்தான் சொன்னாள். "எங்க வீட்டுல பயறும் பப்படமும் இல்லாம புட்டு இறங்காது, அதையும் வச்சிருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டாள். நான் படித்த எத்தனையோ விமர்சனங்களைவிட அது நல்ல விமர்சனம். பிடித்திருக்கிறது என்றாள், என்ன குறை என்றாள், குறை எந்தத் தட்டில் என்றும் சொன்னாள்.

வெண்பா மேல் பரவலாகச் சொல்லப்படும் குறை, ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது. நியாயமான குறை. ஆனால் இங்கே ஒரு அசிங்கமும் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முழுக்க ஆடி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பணத்தையும் திரும்ப வாங்க முடியும். புட்டைத் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் எழுந்துபோவது அது. சின்னக் குழுக்களை அது கொன்றுவிடும். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

சரி, உங்கள் காசு. பெரிய கேம் என்றால் முதல் நாள் வாங்கவேண்டாம், இரண்டு மாதம் பொறுங்கள். உங்கள் மெஷின் மாதிரியே மெஷின் வைத்திருப்பவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். ஸ்டீமில் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் சேர்ந்தே வரும். கால் மணி நேரம் ஆடித் திட்டியவரைத் தள்ளுங்கள், நாற்பது மணி நேரம் ஆடிவிட்டுக் குறை சொல்பவரைக் கவனமாகப் படியுங்கள். சின்னக் குழு செய்த கேம் என்றால் மனசுக்குப் பட்டதை உடனே வாங்குங்கள், அவர்களுக்கு முதல் வாரக் காசுதான் அரிசி. வாங்கி ஆடிவிட்டு எனக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். எந்த இடத்தில் கூர், எந்த இடத்தில் மழுங்கல் என்று தமிழில் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். மார்க் மட்டும் வேண்டாம்.