ஆறு பேர், ஆறு பெட்டி, ஜெர்மனி ரயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய பயணக் கேள்விகளில் ஜெர்மனி ரயிலைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம்.

கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் பத்து நாள் ஜெர்மனி சுற்றப் போகிறோம். இங்கே அறுபது நாளுக்கு முன்பே டிக்கெட் போட்டுப் பழகியவர்கள். அங்கே வெயிட்டிங் லிஸ்ட் எப்படி?
– வாசகர், காட்பாடி

வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி., சார்ட் எதுவும் அங்கே கிடையாது. டிக்கெட் வேறு, இருக்கை வேறு. ஐ.சி.இ. என்னும் அதிவேக வண்டிக்கு டிக்கெட் மட்டும் எடுத்து ஏறலாம். காலி இருக்கை கிடைத்தால் உட்காரலாம், கிடைக்காவிட்டால் நிற்கலாம். இருக்கை உறுதியாக வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இரண்டாம் வகுப்பில் ஆளுக்குச் சுமார் ஐந்தரை யூரோ. வெள்ளி மாலையும் ஞாயிறும் கூட்டம் நெரியும். ஆறு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமானால் அந்த நாட்களில் இந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். செவ்வாய், புதன் நண்பகல் வண்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. பதிவு செய்த இருக்கைக்கு, வண்டி கிளம்பிய பதினைந்து நிமிடத்துக்குள் போய்ச் சேராவிட்டால் உரிமை போய்விடும்.

இருக்கை தேர்ந்தெடுக்கும்போது நடுவில் மேசை வைத்த நால்வர் இருக்கையையும் அதற்குப் பக்கத்திலேயே இரண்டையும் எடுங்கள். 'ரூஹபெரைஷ்' என்று எழுதிய பெட்டி அமைதிப் பகுதி. நண்பர்கள் கூட்டத்துக்கு அது ஆகாது. ஐந்து நிமிடத்தில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

விலை விமான டிக்கெட் மாதிரி ஏறும். 'சூப்பர் ஸ்பார்பிரைஸ்' மிக மலிவு. ஆனால் ரத்து செய்தால் பைசா திரும்பாது. 'ஸ்பார்பிரைஸ்' சற்றே கூடுதல்; பயண நாளுக்கு முன் ரத்து செய்தால் பிடித்தம் போக மீதி கிடைக்கும். இரண்டிலும் குறிப்பிட்ட வண்டியில்தான் போக முடியும். 'ஃபிளெக்ஸ்பிரைஸ்' எடுத்தால் அன்றைய எந்த வண்டியிலும் ஏறலாம், விலை அதிகம். ஆறு பேர் முதல் குழு டிக்கெட்டும் உண்டு. தனித்தனி விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதுவானாலும் ஷெங்கன் விசா முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்த பிறகு வாங்குங்கள். விமானம் இறங்கும் நாளுக்கு சூப்பர் ஸ்பார்பிரைஸ் வேண்டவே வேண்டாம். விமானம் தாமதமானால் ரயில்காரர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மாதம் முழுக்க ஜெர்மனி சுற்ற 63 யூரோ டிக்கெட் இருக்கிறதாமே, சுற்றுலாப் பயணிகளும் எடுக்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

எடுக்கலாம். 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்று பெயர். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது. 2025இல் 58, 2026 முதல் 63. நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், எஸ்-பான் என்னும் புறநகர் ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி. என்னும் நெடுந்தூர வண்டிகளில் செல்லாது. இதை மறந்து ஐ.சி.இ.யில் ஏறி, பரிசோதகரிடம் மாட்டுகிறவர்கள் நிறைய. ஸ்டேஷனில் தடுப்புக் கதவு இல்லாததால் ஏறுவது சுலபம். உள்ளூர் வண்டிகளில் டிக்கெட் இல்லாவிட்டால் அபராதம் 60 யூரோ.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, இது நாட்காட்டி மாதத்துக்கானது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 4 வரை போனால் இரண்டு மாதக் கட்டணம். இரண்டு, இது சந்தா. பொதுவாக அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடிப்பார்கள். வாங்கிய கையோடு ரத்து செய்துவிடுங்கள். மாதக் கடைசி வரை செல்லும்.

குழுவாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி, மாநில நாள் டிக்கெட். பவேரியாவில் 'பாயர்ன் டிக்கெட்'. முதல் ஆளுக்கு ஒரு விலை, கூட வரும் ஒவ்வொருவருக்கும் சிறிய தொகை; ஒரு டிக்கெட்டில் ஐந்து பேர் வரை. வார நாட்களில் காலை 9 மணி முதல் மறுநாள் அதிகாலை 3 வரை. சனி, ஞாயிறு நள்ளிரவிலிருந்தே. எட்டரை மணி வண்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாத மாதிரிதான். பயணிகள் எல்லார் பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். நடுவில் ஆள் மாற்ற முடியாது.

ஆறு பேர் என்றால் ஐந்து, ஒன்று என்று பிரிப்பதைவிட மூன்று, மூன்றாக இரண்டு டிக்கெட் எடுங்கள். இரண்டுக்கும் கணக்கு ஒன்றே: இரண்டு முதல் ஆள் விலை, நான்கு கூடுதல் ஆள் விலை. ஆனால் டிக்கெட்டில் பெயர் உள்ளவர்கள் ஒன்றாகத்தான் போக வேண்டும். மூவர் கோட்டை பார்க்கவும் மூவர் கடைவீதிக்குப் போகவும் ஆசைப்பட்டால், மூன்று மூன்றாக எடுத்ததுதான் கை கொடுக்கும். மியூனிக்கிலிருந்து நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஃபுஸ்ஸன் வரை சுமார் இரண்டு மணி நேர ரயில், அங்கிருந்து பஸ். இரண்டுக்கும் இந்த டிக்கெட் போதும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் செல்லும். திரும்பும்போது போலீஸார் ரயிலில் ஏறிச் சோதிப்பதுண்டு, பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எங்கள் கருத்து: ஒரே மாநிலத்தில் இரண்டு மூன்று நாள் சுற்றினால் மாநில டிக்கெட், ஊர் ஊராகப் போய் நகரங்களிலும் டிராம், பஸ் ஏறுவதானால் டாய்ச்லாண்ட் டிக்கெட். பெர்லின்–மியூனிக் போன்ற நெடுந்தூரத்துக்கு மட்டும் முன்கூட்டியே மலிவு ஐ.சி.இ. அந்த வழியில் விரைவு வண்டிக்குச் சுமார் நான்கு மணி நேரம். வட்டார ரயிலில் மாறி மாறிப் போனால் பகல் முழுக்கப் போய்விடும்.

தோல் வியாபார வேலையாக நான்கு பேர் பிராங்பர்ட் போகிறோம். ஒரு நாள் ஓய்வு. ரயிலில் எங்கே போகலாம்?
– வாசகர், ஆம்பூர்

உங்கள் தொழிலுக்குப் பொருத்தமாக ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 1917இல் தொடங்கிய ஜெர்மன் தோல் அருங்காட்சியகம், ஆஃபன்பாக்கில். விமான நிலையத்திலிருந்தே எஸ்-8, எஸ்-9 வண்டிகள் பிராங்பர்ட் வழியாக அங்கே போகின்றன. இறங்கும் ஸ்டேஷன் பெயரே 'ஆஃபன்பாக் லேடர்மியூசியம்'. திங்கட்கிழமை அங்கே பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, பார்த்துப் போங்கள்.

இயற்கைக் காட்சி வேண்டுமென்றால் அதே எஸ்-8இல் எதிர்த்திசையில் மைன்ஸ் போய், கோப்லென்ஸ் செல்லும் வட்டார ரயிலில் ஏறுங்கள். வலப்பக்க ஜன்னல். வழி நெடுக ரைன் நதிக் கரையோரக் கோட்டைகளும் திராட்சைத் தோட்டச் சரிவுகளும்தான். கொலோன்–பிராங்பர்ட் ஐ.சி.இ.யில் ரைன் தெரியும் என்று நினைக்க வேண்டாம்; 2002இல் திறந்த அந்தப் பாதை மணிக்கு 300 கி.மீ. வேகத்துக்காக மலைக்குள் சுரங்கம் சுரங்கமாகப் போகிறது.

ஜெர்மனி வண்டி நேரம் தவறாது என்கிறார்களே?
– வாசகர், ஆற்காடு

அது பழைய பேச்சு. ஆறு நிமிடத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்' என்று கணக்கிட்டும், 2024இல் நெடுந்தூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் தேறின. தண்டவாளங்கள் பழசு, முக்கியப் பாதைகளில் வண்டி நெரிசல், பெரிய அளவில் பராமரிப்பு வேலை. ரயில் செயலி எட்டு நிமிட இடைவெளியில் வண்டி மாறச் சொல்லும்; ஆறு பேரும் ஆறு பெட்டியுமாக அது நடக்காது. அரை மணி நேரமாவது விடுங்கள். 'எஸ்.இ.வி.' என்று காட்டினால் ரயிலுக்குப் பதில் பஸ்.

சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், குறிப்பிட்ட வண்டி என்ற கட்டுப்பாடு விலகிவிடும், அடுத்த ஐ.சி.இ.யில் ஏறலாம். மாநில டிக்கெட், டாய்ச்லாண்ட் டிக்கெட்காரர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணிக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம்; மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். மாறும் வண்டிகள் எல்லாவற்றையும் ஒரே புக்கிங்கில் வாங்கினால்தான் இது முழுப் பயணத்துக்கும் பொருந்தும்.

பிளாட்பாரத்தில் நம் கோச்சை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், வாணியம்பாடி

பிளாட்பாரம் ஏ, பி, சி என்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். உங்கள் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்று திரையிலும் செயலியிலும் காட்டும். ஆனால் கடைசி நேரத்தில் பெட்டி வரிசை சில சமயம் தலைகீழாக வரும். அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே இருங்கள். நடுவழி ஸ்டேஷனில் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும், கூலி போர்ட்டரும் இல்லை. ஆளுக்கு ஒரு நடுத்தர சூட்கேஸுக்கு மேல் வேண்டாம். வட்டார ரயிலில் கதவு தானாகத் திறக்காது. பொத்தானை அழுத்த வேண்டும்.

முக்கியமாக, இரண்டு வண்டிகளை ஒட்டி ஓட்டி, வழியில் பிரிப்பார்கள். மியூனிக்கிலிருந்து டேகர்ன்ஸே ஏரிக்குப் போகும் வண்டி ஹோல்ட்ஸ்கிர்ஷனிலும் ஷாஃப்ட்லாகிலும் பிரியும். மூவர் முன்னால், மூவர் பின்னால் ஏறினால் ஆளுக்கொரு ஊரில் இறங்குவீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் எழுதிய ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

கட்டுச்சோறு கொண்டுபோகலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

ரயிலில் தாராளமாகச் சாப்பிடலாம். இங்கிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி சரி. பால்கோவா, நெய், இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை சுங்கத்தில் பறிபோகும். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கடைகள் மூடியிருக்கும். பெரிய ஸ்டேஷன் கடைகளே கதி. காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடையில் திருப்பினால் 25 சென்ட்.

தமிழ் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து போகிறோம். நமக்கென்று ஏதாவது உண்டா?
– வாசகர், வாலாஜாபேட்டை

ஹாலே நகரம். 1706இல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவோடு தொடர்புடைய பிராங்கே அறநிலையம் அங்கே இருக்கிறது. தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே உள்ளன. சுவடியைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெர்லினிலிருந்து ஐ.சி.இ.யில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். லைப்சிக்கிலிருந்து எஸ்-பானிலேயே வரலாம். டிக்கெட் எடுக்கும்போது 'ஹாலே (ஸாலே)' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஹாலே (வெஸ்ட்ஃபாலன்)' நாட்டின் இன்னொரு பக்கம். பிராங்பர்ட்டும் அப்படித்தான், 'மைன்' என்று போட்டதே விமான நிலையம் உள்ள ஊர். 'ஓடர்' என்றால் போலந்து எல்லை.