நடத்தைசார் பொதுப் பொருளாதாரப் பயிலரங்குக்குப் போகும் பிஎச்டி மாணவர் ஒரு வாரத்தில் என்ன தயார் செய்யலாம்?

மக்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை வைத்து வரியையும் அரசுத் திட்டங்களையும் ஆராயும் துறை இது. உளவியல் பக்கத்தை எல்லோரும் ஓரளவு படித்துவிட்டுத்தான் வருவார்கள். தடுமாறுவது வெல்ஃபேர் கணக்கில், அதாவது மக்களின் நலன் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்ற கணக்கில். மக்கள் தப்பாக முடிவெடுக்கிறார்கள் என்று காட்டுவது பாதி வேலைதான். அந்தத் தப்பால் எவ்வளவு நஷ்டம், வரி போட்டால் அது கூடுமா குறையுமா என்று சொல்ல வேண்டும். இருப்பது ஒரு வாரம் என்றால், பத்து பேப்பரைப் புரட்டுவதைவிட ஒரே ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பது மேல்.

செட்டி, லூனி, கிராஃப்ட் மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வை எடுங்கள். அமெரிக்கக் கடைகளில் அலமாரியில் ஒட்டியிருப்பது வரி சேராத விலை. விற்பனை வரி பில் போடும்போதுதான் ஏறும். எம்ஆர்பி பார்த்தே பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. ஓட்டல் பில்லின் அடியில் ஜிஎஸ்டி தனியாக வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் சில பொருள்களுக்கு மட்டும் மூன்று வாரம் வரி சேர்த்த விலையையும் காட்டும் சீட்டை ஒட்டினார்கள். வரி 7.375%. விற்பனை சுமார் 7.6% விழுந்தது. விலை நெகிழ்ச்சி 1.59, அதாவது விலை 1% ஏறினால் விற்பனை 1.59% விழும். வரி யார் கண்ணிலும் படவே இல்லை என்றால், சீட்டு ஒட்டியதும் 7.375 × 1.59, அதாவது 11.7% விழுந்திருக்கும். 7.6-ஐ 11.7-ஆல் வகுத்தால் 0.65. அவ்வளவு பங்கு வரி கவனத்துக்கு வரவில்லை. கவனத்துக்கு வந்த மீதிப் பங்கு 0.35. அதுதான் தீட்டா.

அடுத்தது டெட்வெயிட் லாஸ், அதாவது வரியால் மக்கள் இழப்பதில் அரசுக்கும் வருமானமாக வராத பகுதி. வருமான விளைவு இல்லை, வேறு வரி இல்லை, கடைக்காரர் விலையை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு அது ½ × தீட்டா² × வரி² × டிமாண்ட் கோட்டின் சாய்வு. சறுக்குவது இங்கேதான். சராசரி தீட்டா 0.5 என்றதும் அதை வர்க்கமாக்கி 0.25 என்று எழுதிவிடுவார்கள். பாதிப் பேருக்குத் தீட்டா 1, மீதிப் பேருக்கு 0 என்றாலும் சராசரி அதே 0.5 தான், ஆனால் வர்க்கங்களின் சராசரி 0.5. நஷ்டம் இரண்டு மடங்கு! பொருள் அதிகம் வேண்டியவர் வரியைப் பார்த்து வைத்துவிட்டுப் போக, அவ்வளவு வேண்டாதவர் கவனிக்காமல் வாங்கிப்போவதால் வருகிற கூடுதல் நஷ்டம் இது. டௌபின்ஸ்கி, ரீஸ்-ஜோன்ஸ் இருவரின் 2018 பேப்பர் இதைப் பற்றியதுதான். ஆகவே உங்கள் சோதனையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமும் தெரிய வேண்டும். ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை கொடுப்பீர்கள் என்று ஒரே ஆளிடம் வரியோடும் வரியில்லாமலும் கேட்பது ஒரு வழி. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஆயிரம் கற்பனை ஆட்களை உருவாக்கி இந்தச் சூத்திரத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

சாம்பிள் அளவில் ஒரு எச்சரிக்கை. டெல்லாவிக்னா, லினோஸ் 2022-இல் ஒப்பிட்டபோது, ஆய்விதழ்களில் வந்த நட்ஜ் (கட்டாயப்படுத்தாமல் மெல்லத் தூண்டுவது) சோதனைகளின் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அரசு அமைப்புகளோடு சேர்ந்து இதைச் சோதிக்கும் அமெரிக்க நட்ஜ் யூனிட்டுகள் பெரிய அளவில் செய்தவற்றில் வெறும் 1.4. கட்டுப்பாட்டுக் குழுவில் 20% பேர் சேருகிறார்கள் என்று கொள்ளுங்கள். 80% பவர் (உண்மையில் இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5% முக்கியத்துவ மட்டத்தில் (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 8.7-ஐப் பிடிக்க குழுவுக்கு 380 பேர் போதும். 1.4-க்கு சுமார் 13,000 பேர் வேண்டும். முதல் எண்ணை நம்பி பட்ஜெட் போட்டால் பணமும் போகும், முடிவும் வராது.

டீஃபால்ட் (ஒருவர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக நடப்பது) பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. மாட்ரியன், ஷே 2001 ஆய்வில், ஓய்வூதியத் திட்டத்தில் தானாகச் சேர்த்ததும் பங்கேற்பு 49%-இலிருந்து 86% ஆனது. எண் எல்லோருக்கும் மனப்பாடம். ஏன் விலகாமல் இருந்தார்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். படிவம் நிரப்புவது உண்மையிலேயே பெரிய தொல்லை என்றால் அதை நஷ்டத்தில் சேர்க்கணும். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டதுதான் காரணம் என்றால் அந்தத் தொல்லையின் பெரும்பகுதியைச் சேர்க்கக் கூடாது. இரண்டுக்கும் சிறந்த டீஃபால்ட் வேறு வேறாக வரலாம்.

ஒரு பக்க ஆய்வுத் திட்டம் கேட்டால், எந்தச் சூழலில் எடுத்த முடிவை அவருடைய சரியான முடிவாகக் கொள்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அது இல்லாத திட்டத்துக்கு வரும் முதல் கேள்வியே அதுதான்.