மாவட்ட மருத்துவக் கல்லூரியில் இருந்தபடி புற்றுநோய் ஆய்வைத் தொடங்க முடியுமா?

கேள்வி: தென் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ரேடியோதெரபி உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஓ.பி.க்குத் தினமும் வாய்ப் புற்றுநோயாளிகள் வருகிறார்கள். ஆய்வு செய்ய ஆசை. ஆனால் இங்கே ஆய்வகம் இல்லை, வழிகாட்டவும் ஆளில்லை. முதலில் நிதிக்கு விண்ணப்பிக்கட்டுமா?

பதில்: நிதியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆய்வகம் இல்லையே என்றும் தயங்க வேண்டாம்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே குழு செய்த ஒரு ஆய்வைப் பாருங்கள். மார்பகக் கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடம் முன்னால், கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி போட்டார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரப்பு மருந்துதான். 11 மையங்களில் சுமார் 1,600 பெண்கள் பங்கேற்றார்கள். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஊசி போடாத பிரிவில் 86.4 சதவீதம், போட்ட பிரிவில் 90.1 சதவீதம். 2023-ல் முடிவு வெளியானது. மருந்துச் செலவோ சொற்பம்.

உங்கள் துறைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வும் அதே மருத்துவமனையில் நடந்தது. முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு, நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை வழக்கமான அளவில் வாங்க நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வசதியில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் போதுமா என்று பார்த்தார்கள். மாத்திரைச் சிகிச்சையோடு அதைச் சேர்த்தபோது ஓராண்டு கடந்து வாழ்ந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியால் எது முடியும் என்பதிலிருந்து பிறந்த கேள்வி அது. அப்படிப்பட்ட கேள்விகள் உங்கள் ஓ.பி.யிலும் நிச்சயம் இருக்கின்றன.

சரி, அவர்களிடம் இருந்து உங்களிடம் இல்லாதது எது? புள்ளியியலாளர், தரவைப் பராமரிக்க ஆட்கள், புரோட்டோகால், அதாவது ஆய்வின் முழுத் திட்டம், எழுதிப் பழகிய மூத்தவர்கள். இதில் பெரும்பகுதியை வெளியிலிருந்து பெறலாம். புற்றுநோய் மருத்துவமனைகளை ஒன்றாக இணைக்க 2012-ல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் (நேஷனல் கேன்சர் கிரிட்) இன்று 300-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் உறுப்பினரா என்று டீன் அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம், டாடா மையம் நடத்தும் 'கிரெடோ' பயிலரங்குக்கு விண்ணப்பியுங்கள். ஒரு கேள்வியோடு போனால், அங்கேயே தங்கி, வழிகாட்டிகளும் புள்ளியியலாளர்களும் கூட இருக்க, முழுப் புரோட்டோகாலாக எழுதி முடித்துவிட்டு வரலாம். இளம் மருத்துவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

புள்ளியியலாளரை ஆய்வு முடிந்தபின் தேடாதீர்கள். எத்தனை நோயாளிகள் வேண்டும் என்பது முதலிலேயே தெரிய வேண்டும். ஆண்டுக்கு 80 பேர் வரும் இடத்தில் 600 பேர் தேவைப்படும் ஆய்வைத் தனியாக ஆரம்பிக்க முடியாது. இன்னும் நான்கைந்து கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டால் முடியும்.

எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், அடுத்து சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிவு. இரண்டும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே முடிய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பின்னால் செய்துகொள்ளலாம் என்று விட்ட நல்ல ஆய்வுகளை இதழ்கள் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் கைக்கு வந்தபிறகு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிதிக்கு எழுதுங்கள். பட்ஜெட்டில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் சம்பளத்தைக் கட்டாயம் கேளுங்கள். என் முதல் ஆய்வில் கருவிக்கும் பரிசோதனைக்கும் மட்டும் கேட்டேன். சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க ஆளில்லை. மூன்றில் ஒருவர் என்ன ஆனார் என்றே தெரியாமல் போனது. நம்பி வந்தவர்களுக்கு நான் செய்த அநியாயம் என்று இன்றும் வருந்துகிறேன்.

இன்னொன்று, அரசுப் பணியில் இடமாற்றம் எப்போது வேண்டுமானாலும் வரும். அதே துறையில் இன்னொருவரை இணை ஆய்வாளராக ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். நீங்கள் மாறிப் போனாலும் நோயாளிகளின் பின்தொடர்தல் நிற்காது.

இந்த வாரம் ஒரு நோட்டை ஓ.பி. மேசையில் வையுங்கள். 'இவருக்கு எதைக் கொடுப்பது?' என்று நீங்கள் தடுமாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, திரும்பத் திரும்ப வந்திருக்கும் வரியை எடுத்துக்கொண்டு புள்ளியியலாளரைப் போய்ப் பாருங்கள்.